காற்றுக்கு வழிவிட்ட வீடுகள்

மேற்கே ஏலமலையும், கிழக்கே மேகமலையும், வடக்கே பழனிமலையும் சூழ்ந்து நிற்க, லோயர் கேம்ப்பில் தொடங்கிக் கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் எனச் சரிந்து தேனியை நோக்கி விரிகின்ற கம்பம் பள்ளத்தாக்கைப் பற்றி எழுதப் புகுந்தவர்கள் பெரும்பாலும் அதன் நீரைப் பற்றியே எழுதியிருக்கிறார்கள். அது நியாயமானதே. மேற்குக் கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்த பெரியாற்று வெள்ளத்தை அணைகட்டித் தடுத்து, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்குமுகமாகத் திருப்பி, 1895-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் திறந்துவிட்ட அந்த நீரால்தான் இன்றும் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் விளைகிறது. அந்த அணையைக் கட்டிய கர்னல் பென்னிகுயிக்கின் பெயரைப் பிள்ளைகளுக்கு இட்டு வழங்கும் குடும்பங்கள் இன்றும் இங்கே உண்டு. ஆனால் நீர் வந்த அதே திசையிலிருந்து, எந்த எஞ்சினீயரும் அணை கட்டாமலும் சுரங்கம் வெட்டாமலும், காற்றும் வந்துகொண்டிருக்கிறது. அதற்குச் சரித்திரம் எழுதியவர் மிகச் சிலரே.

மேற்குத் தொடர்ச்சி மலை தமிழ்நாட்டுக்கு ஒரு மதிலாக நின்றபோதிலும், பாலக்காடு, கம்பம், செங்கோட்டை, ஆரல்வாய்மொழி ஆகிய இடங்களில் அம்மதில் சற்றுத் தாழ்ந்தோ பிளந்தோ இருக்கிறபடியால், தென்மேற்குப் பருவம் தொடங்கியதும் மலைக்கு அப்பால் மழையைக் கொட்டிவிட்டு வரும் காற்று அவ்விடங்களில் நெருங்கிக் குவிந்து, வேகம் பெற்று, இப்பால் பாய்கிறது. ஆனி தொடங்கி ஆவணி முடியக் கூடலூரிலும் கம்பத்திலும் சாரலோடு சேர்ந்து வீசும் கூதக்காற்று, தேனியைத் தாண்டி ஆண்டிப்பட்டி, கண்டமனூர்ப் பக்கம் போகும்போது ஈரமற்று வறண்டு, புழுதியை வாரி இறைக்கும் பெருங்காற்றாக மாறிவிடுகிறது. அவ்வட்டாரத்துக் கரட்டு நிலங்களில் இன்று வரிசை வரிசையாகக் காற்றாலைகள் நிற்பதற்கு இதுவே காரணம்.

இப்படிக் காற்றை விலைக்கு விற்கக்கூடிய ஒரு பிரதேசத்தில், வீட்டுக்குள் படுத்திருக்கிறவர்கள் காற்றில்லாமல் மூச்சு முட்டி எழுந்து உட்காருகிறார்கள் என்றால் அதை விசித்திரம் என்றுதான் சொல்ல வேண்டும். தேனியிலும் போடியிலும் பெரியகுளத்திலும் குளிர்சாதனம் பொருத்திய படுக்கையறைகள் பெருகிய பின்னர், “ஏசி ஒத்துக்கல”, “விடியக்காலம் நெஞ்சை அடைக்குது” என்ற பேச்சு வீடுகளில் சாதாரணமாகிவிட்டது. இந்தச் சங்கடத்தை யந்திரத்தின் குற்றமென்று ஒரு சாராரும், சரீரத்தின் பலவீனமென்று மற்றொரு சாராரும் கூறுகிறார்கள். என் அபிப்பிராயத்தில் இது வீட்டின் வரலாற்றைச் சேர்ந்த விஷயம். உஷ்ணத்தையும் சீதளத்தையும் அடக்கியாள மனிதன் செய்த ஒவ்வொரு ஏற்பாட்டுக்கும் சுவாசம் ஏதோ ஒரு கூலியைக் கொடுத்தே வந்திருக்கிறது என்பதைப் பள்ளத்தாக்கின் பழைய அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டு வந்தால்தான் இது விளங்கும்.

பழைய வீடுகளைப் புகழ்ந்து பேசுவது இப்போது ஒரு நாகரிகமாகிவிட்டபடியால், முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும்: அவ்வீடுகளின் ஜன்னல்கள் மிகச் சிறியவை. மண்சுவர் எழுப்பித் தென்னங்கீற்றோ புல்லோ வேய்ந்த கூரை வீடுகளில் ஜன்னல் என்று ஒன்று இல்லாமலே இருப்பதுண்டு. இருந்தாலும் அது ஒரு முழ அகலத்துக்கு மேற்படாது. திருடனுக்கும் வெயிலுக்கும் அஞ்சிய காலம் அது. ஆயினும் அவ்வீடுகள் மூச்சுவிட்டன. எப்படியென்றால், கூரைக்கும் சுவருக்கும் நடுவே விடப்பட்ட இடைவெளி வழியாகவும், கீற்றின் அடுக்குகளுக்கு இடையிலும், ஓட்டு வீடாயின் நாட்டு ஓடுகளின் ஆயிரம் சந்துகள் வழியாகவும் உள்ளே சூடேறிய காற்று இரவும் பகலும் மேலே கசிந்து வெளியேறிக்கொண்டே இருந்தது. அது வெளியேற வெளியேற, வாசற்படியின் கீழும் முற்றத்திலிருந்தும் புதிய காற்று, யாரும் அழைக்காமலே, உள்ளே வந்தது. வசதி படைத்தவர்களின் வீட்டில் நடுமுற்றம் இந்த வேலையைச் செய்தது. 1865-இல் மங்களூரில் பாசல் மிஷன் பாதிரிமார் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலையின் வழிவந்த சீமை ஓடு, பின்னால் ரயிலேறித் தமிழ்நாட்டின் ஊர்களுக்கெல்லாம் வந்து நாட்டு ஓட்டைத் தள்ளிவிட்டபோதும், அதுவும் சந்துள்ள கூரையே ஆகையால் சுவாசத்துக்குக் குறைவு வரவில்லை. கோடையில் வீட்டுக்குள் படுப்பவர்கள் நோயாளிகளும் பிள்ளை பெற்றவர்களுமே. மற்றவர்கள் திண்ணையிலும், களத்திலும், வாசலில் கயிற்றுக் கட்டிலிலும் படுத்தார்கள்.

இத்தனை நல்ல ஏற்பாட்டையும் கெடுத்தது அடுப்பு. மலையிலிருந்து தலைச்சுமையாக வந்த விறகும், காட்டில் பிடுங்கிய பருத்திமாரும், வறட்டியும், தென்னை மட்டையும் எரிந்த அடுப்படியில் புகை போவதற்கென்று தனி வழி பெரும்பாலான வீடுகளில் வைக்கப்படவில்லை. அதுவும் கூரைச்சந்தைத் தேடித்தான் போக வேண்டும். போகிற வழியில் அது கீற்றைக் கரையானிடமிருந்தும் பூச்சியிடமிருந்தும் காப்பாற்றியது என்பது மெய்யே. ஆனால் ஊதுகுழலை வாயில் வைத்து, நெருப்புக்கு முன்னே குனிந்து, நாளுக்கு நாலைந்து மணி நேரம் அப்புகையைக் குடித்த பெண்களின் நெஞ்சை அது எவ்விதம் கெடுத்தது என்பதற்கு அந்நாளில் கணக்கெடுத்தவர் இல்லை. பீடி சுருட்டு எதையும் தொடாத பாட்டிமார்கள் நாற்பது வயதிலேயே படியேற மூச்சிரைத்ததையும், குளிர்காலத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கியதையும் ஈளை என்றும், இழுப்பு என்றும், குடும்ப வியாதி என்றும் சொல்லிக் கஷாயத்தோடு முடித்துவிட்டார்கள். இன்று மருத்துவர்கள் அதை நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்று வகுத்து, அடுப்புப் புகையை அதன் பிரதான காரணங்களில் ஒன்றாகக் கூறுகிறார்கள். அடுப்படிக்குப் பொற்காலம் எதுவும் இருந்ததில்லை.

அந்தக் குறையைக் கண்டவர்கள் காந்தியவாதிகள். வார்தாவில் மகன்வாடியில் கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்தியவரும், பின்னாளில் மதுரை மாவட்டத்துக் கல்லுப்பட்டி காந்திநிகேதன ஆசிரமத்துக்கு வந்து தங்கித் தம் கடைசி ஆண்டுகளைக் கழித்தவருமான ஜே.சி. குமரப்பாவின் கூட்டத்தார், புகையைக் குழாய் வழியே கூரைக்கு மேல் அனுப்பும் ‘மகன் சூலா’ என்ற மண்ணடுப்பை உருவாக்கிப் பரப்பினார்கள். ஐதராபாத்தில் எஸ்.பி. ராஜு என்னும் எஞ்சினீயர் இன்னொரு புகையில்லா அடுப்பை அமைத்து 1953-இல் அதைப் பற்றிப் புத்தகமும் வெளியிட்டார். மத்திய அரசு 1983-இல் மேம்பட்ட அடுப்புக்கென்று ஒரு தேசியத் திட்டமே தொடங்கிற்று. இவையெல்லாம் கொஞ்சம் எரிந்து அணைந்தன என்றே சொல்ல வேண்டும். புகைக்குழாயில் கரி அடைத்துக்கொண்டபோது அதைச் சுத்தம் செய்ய ஒருவரும் வரவில்லை. இறுதியில் 2007-ஆம் வருஷம் தமிழக அரசு ஏழைக் குடும்பங்களுக்கு எரிவாயு அடுப்பையும் இணைப்பையும் இலவசமாக வழங்கத் தொடங்கிய பிறகுதான் பள்ளத்தாக்கின் எத்தனையோ அடுப்படிகளில் சுவர் வெளுத்தது.

வெம்மையைத் தேடியவர்களின் கதை இதுவென்றால், வெம்மைக்கு அஞ்சி ஓடியவர்களின் கதை பெரியகுளத்தில் தொடங்குகிறது. மதுரையில் காலராவுக்கும் காய்ச்சலுக்கும் தங்கள் மனைவி மக்களைப் பலி கொடுத்து மனம் சலித்த அமெரிக்க மிஷன் பாதிரிமார்கள், 1821-இலேயே லெப்டினன்ட் வார்டு என்பவர் ஏறி அளந்திருந்த பழனிமலையின் உச்சிக்குப் போய், 1845-இல் கொடைக்கானலில் இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். அக்காலத்தில் அங்கே போகிறவர்கள் பெரியகுளத்துக்கு அருகே, மலையடிவாரத்திலுள்ள கிருஷ்ணமநாயக்கன் தோப்பு வரையில் வண்டியில் வந்து, அங்கிருந்து குதிரையின் மீதோ, ஆட்கள் சுமக்கும் நாற்காலியிலோ செங்குத்தான பாதையில் ஏறுவார்கள். மறுபக்கத்தில் மோட்டார் போகும் மலைச்சாலை வரும்வரையில், சமவெளியின் உஷ்ணத்திலிருந்து துரைமார்களையும் துரைசானிகளையும் மேலே தூக்கிச் சென்றவை இப்பக்கத்து ஏழைகளின் தோள்களே. குளிர்சாதன யந்திரத்துக்கு முந்திய குளிர்சாதனம் என்று அதைச் சொன்னால் பிழையில்லை. அதற்கும் யாரோ ஒருவருடைய மூச்சுதான் எரிபொருள்.

மேலே போனதும் குளிர் வந்தது. குளிர் வந்ததும் கணப்பு வேண்டியிருந்தது. துரைமார்களின் பங்களாக்களில் ஒவ்வோர் அறையிலும் சுவரோடு சேர்த்து ஒரு நெருப்பிடமும், கூரையைத் தாண்டி உயர்ந்த புகைக்கூண்டும் கட்டினார்கள். தீ மேலே இழுத்துக்கொள்ளும் காற்றுக்கு ஈடாகக் கதவிடுக்கு வழியாகப் புதுக்காற்று உள்ளே வந்தபடியால், அந்நெருப்பிடம் அறையைச் சூடாக்கியதைவிட அதன் காற்றை மாற்றியதே அதிகம். ஆனால் அவர்களுக்கு விறகு பிளந்தவர்களுக்கும், ஏலத்தோட்டங்களிலும் தேயிலைத் தோட்டங்களிலும் லயங்களில் குடியிருந்தவர்களுக்கும் வாய்த்தது ஒரு சட்டி நெருப்பே. கரியைக் கனலாக்கிச் சட்டியிலிட்டு, கதவைச் சாத்தி, இடுக்குகளில் சாக்கைத் திணித்து, அதைச் சுற்றிப் படுத்துக்கொள்வது மலைக்குடியிருப்புகளில் வெகுகாலம் வழக்கமாயிருந்தது. புகை இல்லாத நெருப்பு ஆபத்தில்லாதது என்று எண்ணியதே அதிலுள்ள விபரீதம். அரைகுறையாக எரியும் கரியிலிருந்து பிறக்கும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் பிராணவாயுவைப் பற்றுவதைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் உறுதியாக அதைப் பற்றிக்கொள்கிறது. ஆகையால் தூங்குகிறவர் திணறி எழுந்திருப்பதும் இல்லை. தலைவலியோடு மயங்கி, அப்படியே முடிந்துவிடுகிறார். இந்த அறிவு 1890-களில் இங்கிலாந்தில் ஹால்டேன் என்னும் விஞ்ஞானி தம் சரீரத்திலேயே அவ்வாயுவைச் சோதித்து எழுதிய நாளிலிருந்து உலகத்துக்குத் தெரியும். தெரிந்தும், கொடைக்கானல் விடுதியறைகளில் இறைச்சி சுட்ட கரியடுப்பை உள்ளேயே கனலவிட்டுப் படுத்த சுற்றுலாப் பயணிகள் விடியற்காலையில் பிணமாகக் கிடந்தார்கள் என்ற செய்தி இவ்வருஷங்களிலும் பத்திரிகைகளில் வருகிறது.

ஏலக்காய்க்கு மட்டும் மனிதர்களைவிட நல்ல கணப்பு கிடைத்திருந்தது என்பதை இங்கே சொல்லாமல் போக மனமில்லை. போடிநாயக்கனூரின் செல்வமெல்லாம் அந்தச் சிறு காயில் இருந்து வந்தது. போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாகத் தினந்தோறும் விடியுமுன் ஜீப்புகளில் ஏறிப்போய்க் காயெடுத்துத் திரும்பும் பள்ளத்தாக்குப் பெண்களின் உழைப்பும் அதில் சேர்ந்தது. காயை உலர்த்தும் தோட்டத்து ஸ்டோரில் விறகடுப்பு வெளியே எரியும். அதன் சூடு மட்டும் உலோகக் குழாய்களின் வழியே அறையைச் சுற்றிவர, புகை தனியாகப் புகைக்கூண்டில் போய்விடும். காயின் ஈரம் சுமந்த காற்று மேலேயுள்ள துவாரங்களால் வெளியேறும். புகை பட்டால் காயின் பச்சை நிறமும் மணமும் கெடும், ஈரம் தங்கினால் பூசணம் பிடிக்கும் என்பதற்காக இத்தனை ஜாக்கிரதை. சூட்டை உள்ளே விட்டுப் புகையை வெளியே நிறுத்தும் சாஸ்திரம் மலைமேல் நன்றாகத் தெரிந்திருந்தது. அது கீழே அடுப்படிக்கு இறங்கிவர ஒரு நூற்றாண்டு பிடித்தது.

இனிக் குளிர்ச்சியின் கதைக்கு வருவோம். சமவெளியில் தங்கிய அதிகாரிகள் பங்காவையும், நனைத்த வெட்டிவேர்த் தட்டியையும், சென்னையில் இருந்தவர்களானால் அமெரிக்காவின் குளங்களில் வெட்டிக் கப்பலில் வந்த பனிக்கட்டியையும் நம்பினார்கள். டியூடர் என்னும் வியாபாரி 1842-இல் சென்னைக் கடற்கரையில் கட்டிய ஐஸ் ஹவுஸ்தான் இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கிறது. இன்று கடைக்குப் போய் ஒரு டன், ஒன்றரை டன் என்று கேட்டு வாங்குகிறோமே, அந்த அளவும் பனிக்கட்டிக் காலத்து மிச்சமே. ஒரு நாள் முழுதும் அத்தனை டன் பனிக்கட்டி உருகித் தரக்கூடிய குளிர்ச்சி என்பது அதன் கணக்கு. யந்திரமோ மனிதனுக்காகப் பிறக்கவில்லை. 1902-இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஓர் அச்சகத்தில் காகிதம் ஈரத்தால் விரிந்து சுருங்கி வர்ணங்கள் இடம் தவறியதால், காற்றின் ஈரத்தை அடக்குவதற்கென்று வில்லிஸ் காரியர் அமைத்ததே அதன் மூலம். நூற்பாலைகளில் இதற்கு நேர்மாறான தேவை: நூல் அறாமலிருக்க ஈரம் வேண்டும். அதனால் கதவுகளை அடைத்து, நீரைத் தூவலாக்கி உள்ளே விட்டார்கள். பஞ்சுத் தூசியும் ஈரமும் கலந்த அக்காற்றில் நின்றவர்களுக்கு வாரவிடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல்நாளில் நெஞ்சை இறுக்கும் ஒரு நோய் வந்தது. தேனி, ஆண்டிப்பட்டி வட்டாரத்தில் ஜின்னிங் பாக்டரிகளிலும் ஸ்பின்னிங் மில்களிலும் உழைத்தவர்களுக்கு அதன் இருமல் தெரியும். 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தில் காற்றோட்டத்துக்கு ஒரு பிரிவும், தூசிக்கு ஒரு பிரிவும், செயற்கை ஈரத்துக்கு ஒரு பிரிவும் அடுத்தடுத்து வைக்கப்பட்டிருப்பது இந்த அநுபவத்தினாலேயே. வீட்டுப் படுக்கையறைக்கு அத்தகைய இன்ஸ்பெக்டர் எவரும் வருவதில்லை.

1958-இல் லோயர் கேம்ப்பில் பெரியாற்று நீர் விழுந்து மின்சாரம் எடுக்கத் தொடங்கிய பின் பள்ளத்தாக்கின் வீடுகளுக்கு முதலில் பல்பும், பிறகு மின்விசிறியும் வந்தன. அதே தலைமுறையில் காரை வீடுகளையும் ஓட்டு வீடுகளையும் இடித்துக் கான்கிரீட் தளம் போட்டார்கள். தளம் போட்டதும், மேலே கசிந்துகொண்டிருந்த காற்றுக்கு வழி அடைபட்டது. அக்காலத்துக் கொத்தனார்கள் அதை அறியாதவர்கள் அல்லர். ஜன்னலுக்கு மேலே, தளத்தை ஒட்டினாற்போல், அறைக்கு ஒன்றிரண்டு வென்டிலேட்டர் விட்டு, அதில் சிமெண்ட் ஜாலியைப் பதித்துச் சூடான காற்றுக்கு வாசல் வைத்தார்கள். கட்டடக்கலை நூல் எதையும் படியாதவர்கள் செய்த இந்தச் சிறு துவாரத்தை நான் மிகவும் மதிக்கிறேன். ஏனென்றால் குளிர்சாதனம் மாட்ட வருகிறவர் ஏணியில் ஏறியதும் முதலில் அடைக்கச் சொல்வது அதைத்தான்.

ஜன்னலைச் சாத்த வேறு காரணங்களும் சேர்ந்தன. கொசு ஒன்று. மலையடிவாரக் காய்ச்சலுக்கு இரவுக்காற்றே காரணம் என்று ஐரோப்பிய வைத்தியர்கள் வெகுகாலம் நம்பிக் கதவடைத்துப் படுக்கச் சொல்லியிருக்க, 1897-இல் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டு காற்றை நிரபராதி என்று விடுவித்தார். ஆனால் தண்டனை கொசுவுக்குப் போகாமல் மறுபடியும் ஜன்னலுக்கே வந்துவிட்டது. இரண்டாவது, சாலைப்புழுதியும் வண்டிச் சத்தமும். மூன்றாவது காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை. காசநோய்க்குச் சுத்தமான காற்றைத் தவிர மருந்தில்லாத காலத்தில், 1928-இல் டாக்டர் சௌரிமுத்து தாம்பரத்தில் அமைத்ததைப் போன்ற சானடோரியங்களில் ஜன்னலைத் திறந்து வைப்பதே வைத்தியமாயிருந்தது. ‘காற்றோட்டமாகப் படுக்க வை’ என்பதை ஒவ்வொரு டாக்டரும் சீட்டில் எழுதினார். 1956-இல் சென்னையில் நிறுவப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையத்தார், மருந்தைக் கிரமமாகச் சாப்பிட்டால் வீட்டிலிருக்கும் ஏழையும் சானடோரியத்தில் இருப்பவனைப் போலவே குணமடைகிறான் என்று 1959-இல் நிரூபித்துக் காட்டினார்கள். உலகமெங்கும் ஏழைகளுக்குப் பெரும் உபகாரம் செய்த ஆராய்ச்சி அது. மருந்து போதும் என்று அது சொன்னதை, காற்று வேண்டாம் என்று ஜனங்கள் எடுத்துக்கொண்டார்கள். அதே சமயத்தில் அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் ரைலி என்பவரும் அவர் கூட்டாளிகளும், நோயாளிகள் படுத்திருந்த அறையின் காற்றைக் குழாய் வழியே மேல்மாடிக்குக் கொண்டுபோய் அங்கே கினிப்பன்றிகளுக்குச் செலுத்தி, அவற்றுக்கும் காசநோய் தொற்றுவதைக் கண்டு, மாறாத காற்றே நோயின் வாகனம் என்று காட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த இரண்டாவது பாடம் 2020-இல் கொரோனா வந்து, ஏசி ஓடினாலும் ஜன்னலைச் சற்றுத் திறந்து வையுங்கள் என்று நிபுணர்கள் கூறும்வரையில் நம் வீடுகளுக்கு எட்டவேயில்லை.

இப்போது அந்த அறைக்குள் நடப்பதைப் பார்க்கலாம். வீடுகளில் மாட்டப்படும் ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறையிலுள்ள காற்றையே இழுத்து, குளிர்ந்த சுருளின் மீது செலுத்தி, ஈரத்தைப் பிழிந்து குழாய்வழி வெளியே சொட்டவிட்டு, அதே காற்றைத் திருப்பி அனுப்புகிறது. வெளியே குழாய் போவதைக் கண்டு, காற்றும் போய்வருகிறது என்று எண்ணுவோர் அநேகர். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில், பத்தடி உயரம் என்று வைத்துக்கொண்டால், சுமார் 34,000 லிட்டர் காற்று இருக்கிறது. தூங்கும் மனிதர் மணிக்குச் சுமார் 12 லிட்டர் கரியமில வாயுவை வெளிவிடுகிறார். இருவர் எட்டு மணி நேரம் படுத்தால் ஏறத்தாழ 200 லிட்டர் ஆகிறது. மியூனிக் நகரத்து பெட்டன்கோஃபர் என்னும் சுகாதார சாஸ்திரி 1858-இலேயே, அறைக்காற்றில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் அவ்வாயு இருந்தால் அது கெட்ட காற்று என்று வரம்பு கட்டினார். கதவிடுக்கில் கொஞ்சம் கசிவதால் நம் அறை அந்தக் கணக்கின் முழு உச்சத்துக்குப் போவதில்லை. ஆனாலும் அவருடைய வரம்பைப் போல் இரண்டு மூன்று மடங்கு விடிவதற்குள் ஏறிவிடுவது சர்வசாதாரணம். அதனால் உயிருக்கு ஆபத்தில்லை. தலை கனக்கிறது, புழுக்கம் இல்லாமலே புழுங்குவது போலிருக்கிறது, தூக்கம் கெடுகிறது. கதவைத் திறந்து வெளியே வந்ததும் சுகமாகிறது. அதைத்தான் ஜனங்கள் ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்கிறார்கள்.

ஆஸ்துமா உள்ளவர்களின் சங்கடம் வேறு. குளிர்ந்து வறண்ட காற்று நேராக மூச்சுக்குழலில் பட்டால் அது சுருங்குகிறது. 38 டிகிரி வெயிலில் நடந்து வந்தவர் 18 டிகிரி வைத்த அறைக்குள் நுழைந்து யந்திரத்துக்கு நேரே நிற்பதே இழுப்பை அழைப்பதற்குப் போதும். 2020 ஜனவரி முதல் விற்பனைக்கு வரும் ஏசிகள் தாமாக 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்று மத்திய அரசு விதித்தது மின்சாரத்தை மிச்சப்படுத்தவே என்றாலும், நுரையீரலுக்கும் அது உபகாரமாயிற்று. ஆனால் ரிமோட் கையிலிருக்கும்போது விதி யாருக்கு நினைவிருக்கிறது? மலைமேல் இதே துன்பம் ஹீட்டரால் வருகிறது: சுருள் சிவக்கும் மின்கணப்பு அறைக்காற்றை உலர வைத்து, மூக்கையும் தொண்டையையும் வறளச் செய்கிறது.

மூன்றாவது, அழுக்கு. ஆனி, ஆடிப் புழுதியைத் தின்ற வடிகட்டி அடைத்துக்கொள்ள, எந்நேரமும் நனைந்திருக்கும் சுருளிலும் தட்டிலும் பூசணம் படிகிறது. மாசி, பங்குனியில் முதல்முறையாகப் பொத்தானை அழுத்தும்போது வரும் அந்த நனைந்த சாக்கு நாற்றம் பூசணத்தின் வித்துக்கள் பறப்பதற்கு அடையாளம். மூக்கடைப்பும் வறட்டிருமலும் அன்றிரவே தொடங்குவதில் ஆச்சரியமில்லை. 1976-இல் பிலடெல்பியா ஹோட்டல் ஒன்றில் முன்னாள் படைவீரர்களின் மாநாட்டுக்கு வந்த பலரைக் கொன்ற நுரையீரல் நோயைக் கேள்விப்பட்டவர்கள் தம் வீட்டு ஏசியையும் சந்தேகிக்கிறார்கள். அந்நோயின் கிருமி பெருங்கட்டடங்களின் குளிர்நீர்க் கோபுரம் போன்றவற்றின் வெதுவெதுப்பான தண்ணீரில் வளர்வது; வீட்டு யந்திரத்தில் அத்தகைய கோபுரம் இல்லை. வீட்டில் அஞ்ச வேண்டியது வேறொன்று இருக்கிறது. ஏசி அறையில் கொசுவர்த்திச் சுருளை ஏற்றிவைத்துப் படுக்கும் பழக்கத்தைச் சொல்கிறேன். ஒரு சுருள் எரிந்து வெளிவிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளின் புகைக்குச் சமம் என்று 2003-இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து சொல்லியிருக்கிறது. கூரைச்சந்து இருந்த வீட்டில் பாட்டி குடித்த புகையைக் காட்டிலும், சந்தே இல்லாத வீட்டில் பேரன் குடிக்கும் இப்புகை எவ்விதத்தில் மேலானது என்று எனக்கு விளங்கவில்லை.

இவ்வளவும் சொன்னதால் யந்திரத்தைக் கழற்றி எறியுங்கள் என்று சொல்வதாக யாரும் நினைக்க வேண்டியதில்லை. சித்திரை வைகாசி வெயிலில் முதியவர்களையும் குழந்தைகளையும் அது காப்பாற்றுகிறது. சுத்தமாக வைத்திருந்தால் ஈரத்தைக் குறைத்து, தூசியில் வாழும் நுண்ணிய பூச்சிகளையும் குறைக்கிறது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை வடிகட்டியைக் கழற்றிக் கழுவுவதும், வருஷத்துக்கு ஒருமுறை சுருளைச் சுத்தம் செய்விப்பதும், படுக்குமுன் அறையைத் திறந்து காற்று மாற விடுவதும், இரவில் ஜன்னலில் ஓரங்குலம் விட்டு வலை அடிப்பதும் எவராலும் ஆகக்கூடியவை. மூச்சிரைப்பும் வீசிங்கும் விடாமல் தொடர்ந்தால், முற்காலத்தைப் போல் மதுரை எர்ஸ்கின் ஆஸ்பத்திரிக்கு ரயிலேற வேண்டியதில்லை. இப்போது க.விலக்கிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

புதிதாக வீடு கட்டுகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. வரைபடத்தை ஒப்புக்கொள்ளுமுன் ஜன்னல்களை எண்ணிப் பார்ப்பதோடு நில்லாமல், அவற்றில் திறக்கக்கூடியவை எத்தனை, மேலே வென்டிலேட்டர் உண்டா என்று கொத்தனாரைக் கேளுங்கள். வாழும் அறை ஒவ்வொன்றுக்கும், வறண்ட வெப்பப் பிரதேசமானால் தரைப் பரப்பில் பத்தில் ஒரு பங்கும், ஈர வெப்பப் பிரதேசமானால் ஆறில் ஒரு பங்கும் வெளிக்காற்றுக்குத் திறந்திருக்க வேண்டும் என்று நம் தேசியக் கட்டட விதித்தொகுப்பிலேயே எழுதியிருக்கிறது.